தரைத் தகடு

“நல்லா இருக்கற கேபினை எதுக்குக் கழட்டணுமாம்? கேளு.”

மெக்கானிக் சவரி கேட்டது தன் மனைவி ஞானமேரியிடம். கேபினுக்குச் சொந்தக்காரர் சின்னப்பன் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார். இருந்தாலும் சவரியின் பேச்செல்லாம் அன்றைக்கு மனைவி வழியாகத்தான் போய் வந்தது. தொழில் செய்கிறவனுக்கு இவ்வளவு வீம்பு ஆகாதுதான். என்ன செய்வது, அவன் சுபாவம் அப்படி.

சின்னப்பன் பென்னாகரத்துப் புளி வியாபாரி. அவருடைய டாட்ஜ் பிக்கப் நாற்பத்தெட்டாம் வருஷத்து வண்டி. அதை டிராக்டரில் கட்டி, பாலக்கோட்டில் சவரி போன வருஷம் போட்ட ஷெட்டுக்கு இழுத்து வந்திருந்தார். வண்டியின் முதுகில் இன்னொரு கேபின் உட்கார்ந்திருந்தது. அது பத்து வருஷம் பிந்திய மாடல். சேலத்துக் காயலான் கடையில் அலைந்து பிடித்ததாம்.

“மேஸ்திரிகிட்ட சொல்லும்மா. பழைய கேபினை எறக்கிட்டு இதை ஏத்தணும். இல்லாட்டி என் டிரைவர் வரமாட்டாரு.”

“வரமாட்டாரா!” சவரி ஸ்பேனரைத் தகரத்தில் தட்டினான். “அவ்வளவு பெரிய துரையா அவன்? சொகுசா சாஞ்சுக்கிட்டுத்தான் ஓட்டுவானா?”

“துரைதான். அவரை விட்டா இந்த வண்டி யாருக்கும் அடங்கல. ரெண்டு பேரை வச்சுப் பாத்தேன். ஒகேனக்கல் எறக்கத்துல கியர் விழலைன்னு ஒருத்தன் குதிச்சே ஓடிட்டான். இப்போ மாசி மாசம், ஊரெல்லாம் புளி உலுக்கறாங்க. என் வண்டி மட்டும் வூட்டு முன்னால தூங்குது. இந்த சீசனும் போச்சுன்னா எனக்குத் தொழிலே இல்ல. அவர் வரலைன்னா வண்டிய எடைக்குப் போட வேண்டியதுதான்.”

சவரிக்குச் சுருக்கென்றது. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். முன்பக்கத் தகரத்தில் கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டான்.

“ஏத்தித் தரேன்னு சொல்லு. ஆனா, புதுக் கேபினோட தரை இந்தச் சேஸுக்குச் சேராது. கிளட்ச், பிரேக் பெடல் வர்ற ஓட்டையெல்லாம் தள்ளித் தள்ளி இருக்குது. பழைய தரைத் தகட்டை அப்படியே வெட்டி, புதுக் கேபினுக்கு அடியில வச்சு வெல்டிங் அடிச்சுட்டா சுளுவா முடிஞ்சிடும்.”

“ஐயையோ, கூடாது!” சின்னப்பன் பதறிவிட்டார். “பழைய தரையில ஒரு துண்டுகூட வரக்கூடாது.”

“அதுல துருவே புடிக்கலியே!”

“தங்கமா இருந்தாலும் வேணாம். தரைக்காகத்தான் இந்தக் கேபினே வாங்குனேன்.”

“இதுவும் உங்க டிரைவர் போட்ட உத்தரவா?”

கேட்ட பிறகுதான், நேராகவே கேட்டுவிட்டோம் என்பது சவரிக்கு உறைத்தது.

“ஆமா. அவர் வாயால சொன்னதுதான்.”

“இப்படிப்பட்டவனை வச்சுக்கிட்டீங்கன்னா நாளைக்குத் தலைமேல ஏறி உக்காருவான். நானா இருந்தா, வந்த வழியைப் பாத்துப் போடான்னு தொரத்திடுவேன்.”

ஞானமேரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்கச் சவரிக்கு வேறு வேலை ஓடவில்லை. செயின் பிளாக்கில் பழைய கேபினைத் தூக்கி, தரையோடு வேலியோரம் தள்ளினான். புதுக் கேபினை இறக்கிப் பார்த்தால், சொன்னது போலவே எதுவும் எதனோடும் சேரவில்லை. சேஸில் புதிதாகத் தாங்கி அடித்தான். ஸ்டீயரிங் தண்டு வருவதற்கு வழி வெட்டினான். பெடல்களுக்கு அளவெடுத்து ஓட்டை போட்டான். ஒவ்வோர் ஓட்டைக்கும் அந்த முகம் தெரியாத டிரைவருக்கு ஒரு திட்டு விழுந்தது. திட்டினானே தவிர, வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. போல்ட்டை முறுக்கியவன் மறுபடி அவிழ்த்து முறுக்கினான்.

“யாரோ ஓட்டப்போற வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு?” என்றாள் ஞானமேரி.

“வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?” என்று எரிந்து விழுந்தான் சவரி.

சனிக்கிழமை சின்னப்பன் வந்தார். தனியாகத்தான் வந்தார். புதுக் கேபினை ஏற இறங்கப் பார்த்தார். குனிந்து தரையைத் தடவினார். வேலியோரம் பழைய தரை கிடப்பதையும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“எங்க உங்க துரை?” என்றான் சவரி, கைப்பிசுக்கைத் துணியில் துடைத்துக்கொண்டே. “வரச் சொல்லுங்க. அந்த மூஞ்சியை நானும் ஒருதடவை பாக்கணும்.”

“ஏங்க இப்படிப் பொருமறீங்க?” என்றாள் ஞானமேரி.

“எனக்கென்ன பொருமல்? எவன் ஓட்டுனா எனக்கென்ன?”

சொல்லிவிட்டுச் சவரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சின்னப்பன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. ஞானமேரி அவர் பக்கத்தில் வந்து நின்று, “சொல்லிடுண்ணா” என்றாள்.

சின்னப்பன் சாவியைச் சவரியிடம் நீட்டினார்.

“போன வருஷம் என்னோட சண்டை போட்ட அன்னிக்கி, அந்தோணியார் கோயில் வாசல்ல நின்னு, ‘இந்த வண்டித் தரையில இனிமே என் கால் படாது’ன்னு சத்தியம் பண்ணது நீங்கதானே மாப்ளே? அந்தத் தரை தோ, உங்க வேலியோரமா கெடக்குது. ஏறி உக்காருங்க.”