மட்டமான டிப்

“உங்ககிட்ட இருக்கிறதிலேயே மட்டமான டிப் எதுவோ, அதை எங்க வீட்டுக்காரர் குச்சியில மாட்டிக் கொடுங்க.”

குச்சி வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தம்மாளைப் பார்த்தார்.

அந்த ஸ்னூக்கர் கிளப்பின் மூலையில் அரமும் பசையுமாக உட்கார்ந்து, ஆடுகிறவர்களின் கியூ குச்சிகளைச் சரிபார்த்துக் கொடுப்பவர் அவர். அதனால் வந்த பட்டப்பெயர். வந்திருப்பது பல் டாக்டரின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் ஆடப்போகிற அதே பல் டாக்டர்.

“டாக்டர் சொல்லி அனுப்பினாரா?”

“அவருக்குத் தெரியாது. டிப் தேஞ்சு போச்சேன்னு நானே மாத்தி வாங்கிட்டு வந்தேன்னு சொல்லிக்குவேன்.”

வைத்தியர் டப்பாவைத் திறந்தார். குச்சி நுனியில் ஒட்டுகிற, சட்டைப் பித்தான் அளவுத் தோல் வில்லைகள்.

“இது அடுக்கடுக்கா ஒட்டின தோல். பந்தைக் கவ்விப் பிடிக்கும். இது நடுத்தரம்…”

அந்தம்மாள் ஒவ்வொன்றையும் நகத்தால் அழுத்திப் பார்த்துத் தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் ஒன்றை எடுத்தாள்.

“அம்மா, அது கல்லு. நுனியில தேய்க்கிற சாக் மாவு ஒட்டாது. பந்துல பட்டதும் வழுக்கிட்டு ஓடும்.”

“இதையே போடுங்க.”

“எதிர்ல ஆடறது வக்கீல். உங்க கூடப்பிறந்த அண்ணன், இல்லையா?”

“ஆமா. அதுக்கென்ன?”

அதுக்கென்னவாம். அண்ணன் ஜெயிக்கக் கட்டின புருஷனுக்கே குழி வெட்டுகிறாள். வைத்தியருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குச்சியை வாங்கிக்கொண்டார். பழைய டிப்பைச் சுரண்டி எடுத்தார். பித்தளைப் பூணை அரத்தால் சமமாகத் தேய்த்தார். பசை தடவும் நேரத்தில் அந்தம்மாளுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே ஜன்னல் பக்கம் போனாள்.

கல் டிப் டப்பாவுக்குள் போனது. இருப்பதிலேயே உசத்தியான டிப் குச்சியில் ஏறியது. வைத்தியர் அழுத்திப் பிடித்து, ஓரம் சீவி, தலையை அழகாக உருட்டி, உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி நீட்டினார்.

“நீங்க கேட்டதுதான். டாக்டர் பாடு திண்டாட்டம்.”

“ரொம்ப நன்றிங்க,” என்று வாயெல்லாம் பல்லாகப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் விளாசித் தள்ளினார். வெள்ளைப் பந்து சொன்ன பேச்சுக் கேட்டது. நில் என்றால் நின்றது, வா என்றால் திரும்பி வந்தது. வக்கீலுக்கு முகம் சுண்டிவிட்டது. முன்வரிசையில் இருந்த தங்கைக்கு அதைவிட.

‘பாரு, நல்லாப் பாரு’ என்று வைத்தியர் மனசுக்குள் கருவிக்கொண்டார்.

வக்கீலும் விட்டுக்கொடுக்காமல் எட்டிப் பிடித்து, ஆட்டம் கடைசிக் கறுப்புப் பந்துக்கு வந்தது. அது குழியின் வாயிலேயே நின்றது. ஊதினாலே விழும். பல் டாக்டர் குனிந்தார், குறி பார்த்தார், அடித்தார்.

பந்து விளிம்பில் மோதி வெளியே வந்துவிட்டது.

அடுத்த அடியில் வக்கீல் அதை உள்ளே தள்ளிக் கோப்பையை வாங்கிக்கொண்டார்.

வைத்தியரால் தாங்க முடியவில்லை. நேராக அந்தம்மாளிடம் போனார்.

“அம்மா, உங்க சூழ்ச்சி பலிச்சதுன்னு சந்தோஷப்படாதீங்க. நான் மாட்டினது இருக்கிறதிலேயே நல்ல டிப். டாக்டர் தோத்தது அவர் போதாத காலம்.”

அந்தம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“நல்லதையா போட்டீங்க? குடியைக் கெடுக்க இருந்தீங்களே. அதான் அந்தப் போடு போட்டாரா?”

“புருஷன் ஜெயிச்சா குடி கெடுமா?”

“பின்னே? எங்க பொண்ணு சின்னவளா இருந்தப்ப ஸ்கூல் நாடகத்துல ராணியா நடிச்சா. அன்னிக்கு இவர் இங்க ஆடிட்டு இருந்துட்டார். நான் போட்ட சண்டையில, ‘ஒரே ஒரு தடவை கப் ஜெயிச்சுக்கிறேன், அப்புறம் குச்சியைத் தொட மாட்டேன்’னு வாக்குக் கொடுத்துட்டார். ரோஷக்காரர். ஜெயிச்சா நிஜமாவே விட்டுடுவார்.”

“விடட்டுமே.”

“நாள் முழுக்க அவர் முன்னாடி உட்கார்றவங்க எல்லாம் வாயைத் திறந்து வச்சிருப்பாங்க. ஒருத்தராவது பதில் பேச முடியுமா? இங்க வந்துதான் நாலு பேரோட பேசிச் சிரிக்கிறார். பாடிக்கிட்டே வீட்டுக்கு வர்றார். அதைக் கெடுத்துக்குவேனா?”

வைத்தியர் தலையைச் சொறிந்தார். “வாக்கு வேண்டாம்னு நீங்களே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லலாம். இத்தனை வருஷமா நான் பிடிச்ச முரண்டு என்ன ஆகறது?”

வக்கீல் அண்ணன் கூப்பிடவும், அந்தம்மாள் கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொள்ளப் போனாள். வைத்தியர் அசடு வழியத் தன் மூலைக்குத் திரும்பினார். அங்கே பல் டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். தோற்ற முகமாகத் தெரியவில்லை.

“டிப் சரியில்லையா டாக்டர்?” என்றார் வைத்தியர் தயங்கியபடி.

பல் டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அருமையான டிப். அந்தக் கறுப்பு உள்ள விழாமப் பார்த்துக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் ஜெயிக்கணும்னு அவளே வந்து மாத்தி வாங்கிட்டுப் போயிருக்கா, பாவம்.”