மஞ்சள் கட்டம்

செருப்பு அலமாரியின் மேல் வீட்டு போன்களையும் டேப்லெட்டையும் இணைக்கும் சர்வர் பெட்டி முனகிக்கொண்டிருக்கிறது. கூடத்தில் அப்பா, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லோருக்கும் பொதுவான காலண்டரில் ஒற்றை விரலால் தட்டுகிறார்: 'நாளை அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வரணும்.' சமையலறையில் மகளின் போன் அதிர்கிறது. அம்மா ஆஸ்பத்திரியிலேயே இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அவள் போனில் அந்த வரியை அழிக்கிறாள். அப்பாவின் கண்ணெதிரிலேயே, அந்த வரி இருந்த மஞ்சள் கட்டம் மறைகிறது. மறுபடியும் தட்டுகிறார். மறுபடியும் மறைகிறது. சாயங்கால வெயில் அவர் மூக்குக்கண்ணாடியில் ஏறி நிற்கிறது. மகள் மாத்திரையோடு வந்ததும் டேப்லெட்டை அவளிடம் நீட்டுகிறார்.

"எந்தப் பாவியோ போடப் போட அழிக்கிறான்மா. அங்க அவ பையைக் கட்டி வெச்சிக்கிட்டு காத்திருப்பா. நீ போட்டுக் குடு."

அவள் அந்த வரியை எழுதுகிறாள். காலண்டர் நேரம் கேட்கிறது.

"எத்தனை மணிக்குப்பா?"