சின்ன லீவர்

கடற்கரை மணலில் ஜீப் புதைந்து நின்றது. பின் சீட்டில் ஹில்டா பிரசவ வலியில் துடித்தாள். தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஆறு மைல்.

டிரைவர் சிலுவை சின்ன லீவரை இழுத்தார். "இனி முன் சக்கரமும் சேந்து இழுக்கும். பயப்படாத தாயி."

பின் சக்கரங்கள் மட்டும் சுழன்று மணலை வாரி இறைத்தன.

"முன்னால பவரே போகலையே. எஞ்சின்லேருந்து முன் சக்கரத்துக்குப் போற ஷாப்ட் கழண்டிருக்கான்னு குனிஞ்சு பாருலே ரோச்சு."

ஹில்டாவின் புருஷன் ரோச் குனியவில்லை. சட்டையைக் கழற்றிப் பின் சக்கரத்துக்கு அடியில் திணித்தான். அலை வந்து டயரை நனைத்தது.

"சொல்லுதேன்ல, பாருலே."

"அந்த ஷாப்டே வண்டில இல்ல அண்ணாச்சி." ரோச் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "தார் ரோட்டுல ஓடுத வண்டிக்கு எதுக்குன்னு, போன மாசம் நம்ம பட்டறைக்கு சர்வீசுக்கு வந்தப்ப நான்தான் கழத்தி வேற ஜீப்புக்கு மாட்டுனேன்."