நீலப் பை

மேசையின் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிந்தது. மேலே வைத்த மீன் துண்டு மெழுகுபோல் ஒளிர, உள்ளே சுருண்டிருக்கும் புழு மட்டும் நூல் நூலாகக் கறுத்துத் தெரியும். ஒன்றிரண்டு என்றால் இடுக்கியால் பிடுங்கிவிட்டுக் கப்பலுக்கு அனுப்பலாம். அதற்கு மேல் என்றால் சிவப்புக் கூடை. மீன் கம்பெனியில் பிரிஸ்காவுக்கு வேலையில் முதல் நாள். பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா ஜெசிந்தா பன்னிரண்டு வருடமாக அதே மேசையில் குனிந்திருப்பவள். மதியம் தூக்குவாளியைத் திறந்தபோது பிரிஸ்காவுக்குச் சோறுகூட நெளிவதுபோல் இருந்தது.

"செவப்புக் கூடையில உள்ளத எங்கம்மா கொட்டுவாங்க?"

"பேசாம சாப்பிடு."

வீட்டில் அவர்களுக்குள் ஒரே சண்டைதான். கம்பெனியில் கொடுக்கிற மீனை அரைமணி நேரம் கொதிக்கவிட்டுக் கூழாக்கிவிடுவாள் அம்மா. "கடக்கரையில பொறந்துட்டு மீன் வைக்கத் தெரியாதவ நீ ஒருத்திதான்" என்று பிரிஸ்கா தட்டைத் தள்ளுவாள். மறுநாளும் அதே அரைமணி நேரம்தான்.

ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் சூப்பர்வைசர் சிவப்புக் கூடைகளை வாசலுக்கு இழுத்துவந்தார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர் துண்டுகளை அள்ளி, பிரிஸ்கா ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்துவரும் அந்த நீலப் பையில் போட்டு, முடிச்சிட்டு ஜெசிந்தாவிடம் கொடுத்தார். பிறகு இன்னொரு பையை இவளிடம் நீட்டினார்.

"இனிமே உங்க வீட்டுக்கு ரெண்டு."

பஸ்ஸில் பைகள் மடியில் கசிந்துகொண்டிருந்தன. இறங்கும் இடம் வந்தபோது பிரிஸ்கா கேட்டாள்:

"அரைமணி நேரம் போதுமாம்மா?"