மூன்றாவது வளையம்

“சங்கிலிக்கு எத்தினி வளையம் போடப் போற?”

அப்பா நீலமேகம் கேட்டபோது வரலட்சுமி தலை நிமிரவில்லை. மடியில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் பித்தளை வளையங்கள் மின்னின. வாசலில் போகிறவர்கள் பார்த்தால் கல்யாண நகை வேலை என்றுதான் நினைப்பார்கள்.

“வண்டில எத்தினி கீதோ, அத்தினி.”

“எல்லா வண்டிக்கும் மூணுதான். மூணே போடு.”

அது இரண்டு பொம்மைச் சரக்கு ரயில் வண்டிகளைக் கோக்கிற சங்கிலி. முழங்கை நீளத்தில் தேயிலைப் பெட்டிப் பலகையால் வண்டிகளைச் செய்தவர் நீலமேகம். திருவொற்றியூரில் கம்பெனியின் ரிப்பேர் ஷெட்டில் இருந்த ஆறு ஃபிட்டர்களில் ஒருவர். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மர எஞ்சின் செய்து வைப்பவர் என்பதால், விசாரணைக்கு மாதிரி வண்டி செய்யும் வேலை அவர் தலையில் விழுந்தது. பொடி வேலைக்கு விரல் தடிமன் என்று சங்கிலியையும் கொக்கியையும் மகளிடம் தள்ளிவிட்டார்.

விசாரணை, செத்துப்போன மாரியப்பனைப் பற்றியது. கம்பெனிக்குள் வண்டிகளைக் கோத்துவிடுகிறவன் அவன். வெளியே நின்றபடி, நீளக் கழியால் ஒரு வண்டியின் சங்கிலியைத் தூக்கி அடுத்த வண்டியின் கொக்கியில் போடவேண்டும். போன மாதம் அவன் கழியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு வண்டிக்கும் நடுவில் நுழைந்தான். நசுங்கிப்போனான்.

சோம்பேறித்தனம் என்று சூப்பர்வைசர் பாஸ்கல் எழுதிக் கொடுத்துவிட்டார். அது உறுதியானால் மாரியப்பன் பெண்டாட்டி குப்பம்மா இரண்டு குழந்தைகளோடு கம்பெனி வீட்டைக் காலி செய்யவேண்டும். அடுத்த வீடுதான். அவள் சட்டி பானையை மூட்டை கட்டியே வைத்துவிட்டாள்.

வரலட்சுமி முதலில் தலைமயிர் ஊசியை வளைத்துக் கொக்கி செய்து பார்த்தாள். வண்டிகள் தொட்டதும் தானாக மாட்டிக்கொண்டது. விளையாட்டுச் சாமானுக்கு அது போதும், இதற்கு ஆகாது. உடைந்த குடைக் கம்பியை ராவி, மேல்நோக்கி வளைந்த நிஜக் கொக்கியாக்கினாள். வண்டிகள் மோதும்போது அதிர்வைத் தாங்க முகப்பில் இருக்கும் இடிதாங்கிகளுக்கு மருந்து பாட்டில் கார்க். அழுத்தினால் அமுங்கும், விட்டால் மீளும்.

மறுநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனவள், ஷெட்டுக்குப் பின்னால் நின்ற, மாரியப்பனை நசுக்கிய வண்டியின் தார்ப்பாயை ஒரு கை அகலம் தூக்கிப் பார்த்தாள். வீட்டில் அதைச் சொல்ல வாயெடுத்தபோது நீலமேகம் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

“சீல் வெச்ச வண்டிகிட்ட உனக்கு இன்னா வேல? இனிமே அந்தப் பக்கம் காலெடுத்து வெக்காத.”

அதுவரை அவர் அவளிடம் குரலை உயர்த்தியதே கிடையாது. அவள் மூன்று வளையம் கோத்துக் காட்டினாள். விசாரணை அன்று காலை அவர் குளிக்கப் போனதும், இடுக்கியும் சங்கிலியுமாக உட்கார்ந்தாள்.

ஷெட்டில் மேஜை போட்டு சர்க்கார் லேபர் ஆபீஸர் கருணாகரன் உட்கார்ந்திருந்தார். செத்தவன் நின்ற இடத்தில் இன்னொருவனை நிறுத்திப் பார்க்க முடியாது என்றுதான் அவர் பொம்மை வண்டி கேட்டிருந்தார். வரலட்சுமி துணியை விலக்கி வண்டிகளை வைத்துவிட்டு அப்பாவுக்குப் பக்கத்தில் ஒதுங்கினாள்.

கருணாகரன் வண்டிகளை மோதவிட்டு, பின்னல் ஊசி அளவிலான கழியால் சங்கிலியைத் தூக்கினார். எட்டவில்லை. மறுபடி தூக்கினார். கொக்கிக்கு ஒரு நெல் அளவு முன்னால் விழுந்தது. நீலமேகத்தின் மூச்சு சட்டென்று நின்றது அவளுக்குக் கேட்டது. வீட்டுக்குப் போனதும் அடிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பொம்மையே தப்பு என்றார் பாஸ்கல். ஆபீஸர் அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, ஒரு வளையம் விட்டுப்போச்சா?”

அத்தனை ஆண்களுக்கு முன்னால் அவள் பேசியதே இல்லை. சுவரோரம் நின்ற குப்பம்மாவைப் பார்த்தாள்.

“இல்லீங்க. அந்த வண்டில ரெண்டுதான் கீது. கழி போட்டா எட்டாது. ரெண்டு வண்டியும் முட்டி அமுங்கற நேரத்துல, உள்ள நின்னு கையாலதான் மாட்டணும்.”

ஆபீஸர் விரலால் இரண்டு வண்டிகளையும் இறுக்கிப் பிடித்தார். கார்க் அமுங்கியது. இன்னொரு கையால் சங்கிலியை எடுத்துப் போட்டார். மாட்டிக்கொண்டது. எழுந்து வெளியே போய், தார்ப்பாயை விலக்கச் சொல்லி, குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

“ரெண்டுதான் இருக்கு, ஒண்ணு அறுந்துபோயிருக்கு,” என்றார் பாஸ்கலிடம். “உள்ள போகாம இதை மாட்டவே முடியாது. செத்தவன் மேல தப்பு இல்ல.”

குப்பம்மா சுவரில் சரிந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

“இப்ப சொல்லுங்க. அறுந்த சங்கிலியை ஒரு வளையம் குறைச்சு மாட்டினது எந்த ஃபிட்டர்?”

ஷெட் ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

வரலட்சுமிக்கு அந்த நிமிஷம் பயம் விட்டுப்போயிருந்தது. குப்பம்மாவின் வீட்டைப் பறிக்கப் பார்த்த ஆள் அகப்பட்டாக வேண்டும் என்று இருந்தது. அப்பா பக்கம் திரும்பினாள்.

“உனக்குத் தெரியாததா, நைனா? யாருன்னு சொல்லு.”

நீலமேகம் மகளை ஒரு தரம் பார்த்தார். இடுப்பில் முடிந்திருந்த தன் ஃபிட்டர் சாமான் பெட்டிச் சாவியை அவிழ்த்து ஆபீஸரின் மேஜைமேல் வைத்தார். வெளியே நடந்தார்.