மணியடித்தவர் பெயர்

முதலில் வம்புக்கு இழுத்தது ஹெஸ்டர் லக்ஸ்டன்தான். வில்ஃப் டேப்ஸ்காட் அல்ல.

தொண்ணூற்றாறு பக்கத்தில் ஆஷ்கூம் ஊரின் வரலாற்றை எழுதி அச்சடித்துவிட்டாள். தபால்காரரைத் துரத்திய வாத்துக்குக்கூட அரைப் பக்கம். ஆனால் சர்ச்சின் ஐந்து மணிகளையும் இருபத்திரண்டு வருஷம் முன்னின்று அடித்த ஜாக் டேப்ஸ்காட்டுக்கு ஒரு வரி இல்லை.

ஜாக், வில்ஃபின் அப்பா.

பதினாலு வயசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ஐம்பது வருஷம் ஊரார் வயல்களுக்கு வேலி கட்டியவர் வில்ஃப். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து மூன்று முறை தேடினார். அப்பா இல்லை.

சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் புத்தக வெளியீடு. தேநீர், கேக், பழைய படங்களின் கண்காட்சி. வில்ஃப் தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக ஹெஸ்டரின் எதிரே போய் நின்றார்.

"எங்கப்பா எங்கே?"

ஹெஸ்டர் தேநீர்க் கெண்டியைக் கீழே வைக்கவில்லை. "புத்தகத்துல இல்ல, வில்ஃப்."

"அது தெரியுது. ஏன் இல்ல?"

"எழுதினா முழுசா எழுதணும். அதான் எழுதல."

"வாத்தைப் பத்தி முழுசா எழுதத் தெரிஞ்சுதே!"

மண்டபம் சிரித்தது. மதுக்கடை கிளைவ் மேஜையைத் தட்டினான். "பெருசு கேக்கறதுல நியாயம் இருக்கு, ஹெஸ்டர். ஒரு மன்னிப்பு கேட்டுடு, கேக் சாப்பிடலாம்."

"கேட்க மாட்டேன்," என்றாள் ஹெஸ்டர்.

வாத்தியாரம்மாவாக இருந்த திமிர் இன்னும் போகவில்லை என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். வில்ஃபுக்கு அது இதமாக இருந்தது.

"முப்பத்திரண்டு வருஷம் முன்னாடி பூசணிப் போட்டியில என்னை ரெண்டாவதாத் தள்ளினது இவதான். அப்பவே தெரியும், டேப்ஸ்காட்னா இவளுக்கு ஆகாது," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கண்காட்சிப் பக்கம் திரும்பினார்.

அங்கே கூட்டம் வழக்கமான விஷயத்தைத்தான் அலசிக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் சர்ச் மணியை யாரும் அடிக்கக் கூடாது. எதிரி பாராசூட்டில் இறங்கினால் மட்டும் அடிக்கலாம். அப்படியிருக்க, நாற்பதாம் வருஷம் செப்டம்பரில் ஒரு நாள் பொழுது சாயும்போது மணி அடித்தது. ஊரே கவைக்கோலும் மண்வெட்டியுமாக ஓடியது. எதிரி வரவில்லை. ஓடிய ஓட்டத்தில் ஹெஸ்டரின் அப்பா ஏமோஸ் லக்ஸ்டன் கல்குவாரியில் விழுந்து செத்துப்போனார்.

அப்போதெல்லாம் சர்ச்சைப் பூட்டும் வழக்கமில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே போயிருக்கலாம். அடித்தது யார் என்று ஐம்பத்து மூன்று வருஷமாக ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. புத்தகத்திலும் "யாரென்று தெரியவில்லை" என்றுதான் இருந்தது.

மேஜையில் பழைய பாதிரியாரின் நாட்குறிப்பு, போருக்கு முன் நடந்த முடிசூட்டு விழா விருந்துப் பக்கத்தில் திறந்து கிடந்தது. பரணில் கிடைத்ததை வைத்தே ஆகவேண்டும் என்று புதுப் பாதிரியார் பிடிவாதம் பிடித்தாராம். பின்னால் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒரு கிளிப் போட்டிருந்தது.

மூடி வைத்த எதையும் வில்ஃபால் சும்மா விட முடியாது. கிளிப்பை எடுத்தார். விரல் வைத்துப் படித்தார்.

'டேப்ஸ்காட் வந்து அழுதார். கொடியிலிருந்து பிய்த்துக்கொண்டு குன்றின்மேல் பறந்த படுக்கை விரிப்புகளைப் பாராசூட் என்று நினைத்து மணியடித்தது அவர்தான். குடித்திருந்தாராம். லக்ஸ்டனின் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்கிறார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.'

விரல் அந்த இடத்திலேயே நின்றது.

மணிகளுக்கு இருந்த தடை போன பிறகும் அப்பா கயிற்றைத் தொடவே இல்லை. தோள் வலி என்றார். வில்ஃப் வருஷக்கணக்கில் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்திருக்கிறார்.

தாளின் ஓரத்தில் பென்சிலில் ஒரு குறிப்பு. அறிவிப்புப் பலகையில் தினமும் பார்க்கும் ஹெஸ்டரின் கையெழுத்து.

'புத்தகத்தில் வேண்டாம். வில்ஃப் இருக்கிறான்.'

"என்ன பெருசு, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" கிளைவ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "மணியடிச்ச ஆசாமி மாட்டிக்கிட்டானா?"

வில்ஃப் தாள்களைச் சேர்த்து கிளிப்பை அழுத்திப் போட்டார்.

"மண்ணாங்கட்டி. பாதிரியாரோட இருமலைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருக்கார்."

நிமிர்ந்தார். மண்டபத்தின் அந்தக் கோடியில் ஹெஸ்டர் கெண்டியைப் பிடித்தபடி சிலையாக நின்றிருந்தாள். அவள் கண் கிளிப்பின்மேல் இருந்தது.

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். மெதுவாக நடந்துபோய் அவள் முன்னால் நின்றார். மண்டபம் காதைத் தீட்டிக்கொண்டது.

"ஹெஸ்டர்," என்றார். இருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "நீ எனக்கு ஒரு மன்னிப்பு பாக்கி. ஞாபகம் இருக்கட்டும். வாரா வாரம் வந்து கேப்பேன்."

ஹெஸ்டர் அவர் கண்களைப் பார்த்தாள். பிறகு ஒரு கோப்பையை எடுத்து நிறைய ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"கேளு, வில்ஃப். சாகற வரைக்கும் தரமாட்டேன்."