விடைக்குறிப்பில் இல்லாத விடை

"விடைக்குறிப்புல இல்லாததுக்கு மார்க் கிடையாதும்மா," என்றார் பரீட்சைப் பேப்பர் திருத்தும் அறையின் சீஃப்.

சின்ன டீச்சர் பேப்பரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். இரண்டு புள்ளிகள் வழியாகப் போகும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் கேட்டிருந்தார்கள். விடைக்குறிப்பில் இருந்தது 2x + y − 6 = 0. பிள்ளை எழுதியிருந்தது x/3 + y/6 = 1.

"ஆறால பெருக்கிப் பாருங்க சார், அதே கோடுதான். என் பொண்ணை வீட்டுல 'பட்டு'ன்னு கூப்பிடுறோம், ஸ்கூல்ல வேற பேரு. அதுக்காக எனக்கு ரெண்டு பொண்ணுன்னு சொல்லிடுவீங்களா?"

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. சீஃப் சிரிக்கவில்லை.

அவளும் விடவில்லை. இந்த ரெண்டு மார்க் விழுந்தால் பிள்ளை பாஸ், இல்லையென்றால் ஒரு வருஷம் வீண் என்றாள். பேசாமல் நானே போட்டுவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றும் கெஞ்சிப் பார்த்தாள்.

"பேனாவை மூடுங்க. இந்த மாதிரி வர்ற பேப்பரையெல்லாம் தனியா என் மேசையில வைங்க."

மதியத்துக்குள் அந்த அறையில் மட்டும் பதினேழு சேர்ந்துவிட்டது. வெட்டுத்துண்டு வடிவம், சாய்வு வடிவம் என்று ஆளுக்கொரு விதம். கோடு என்னவோ ஒன்றுதான். சீஃப் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டாரே தவிர, மார்க் போடச் சொல்லவில்லை. நடுநடுவே போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்.

"பதினேழு பிள்ளைங்க மார்க் தொங்குது, இவருக்குப் போன் பேச்சு கேக்குது. கல்லுகூட வெயில் பட்டா சூடாகும்," என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி பக்கத்து டீச்சரிடம் பொருமித் தீர்த்தாள்.

மூன்று மணிக்கு ஆபீஸ் கிளார்க் ஒரு தாளோடு வந்து உரக்கப் படித்தார். பேப்பர் திருத்தும் எல்லா மையங்களுக்கும் புது உத்தரவு. நேர்கோட்டின் சமன்பாட்டை எந்த வடிவத்தில் சரியாக எழுதியிருந்தாலும் முழு மார்க்.

சீஃப் பதினேழு பேப்பரையும் அவள் பக்கம் நகர்த்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"மேலிடத்துல ஒருத்தருக்காவது மூளை இருக்கே, நல்லா இருக்கட்டும்," என்றாள் அவள், பேனாவைத் திறந்துகொண்டே.

"மேலிடத்துல யாருக்கும் தோணலைங்க," என்றார் கிளார்க். "நம்ம சீஃப்தான் காலையிலேர்ந்து போன்ல மல்லுக்கட்டினாரு. 'என் ரூம்ல சண்டை போட ஒரு டீச்சர் இருக்காங்க, மத்த ரூம்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு யார் இருக்கா?'ன்னு."